வண்ணார்பேட்டை வீடு: விற்பவர் முக்கியமான விவரங்களைக் காலியாக விட்டிருக்கிறார், அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேட்பவர்: வாடகைக்கு விடலாம் என்று திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மாடி வீடு பார்த்திருக்கிறேன். விலை 58 லட்சம். விற்பவர் சென்னையில் இருக்கிறார். காலமான அவருடைய அப்பா கட்டிய வீடு. நான் எழுதிக் கொடுத்த கேள்விகளில் வாடகை எவ்வளவு, வெள்ளம் ஏறியதா, கூடப் பிறந்தவர்கள் யார் ஆகிய மூன்றுக்கும் பதில் இல்லை. "வில்லங்கம் சுத்தமா இருக்குல்லா, பெறவென்ன?" என்கிறார் புரோக்கர். வெள்ளிக்கிழமை 2 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள்.

தாமிரபரணிக்காரன்: வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரம் மட்டும்தான் வரும். அப்பா இறந்ததும் வராது, அவருக்குத் தங்கை இருந்தால் அதுவும் வராது. உயில் இல்லையென்றால் இந்து வாரிசுரிமைப்படி மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. வாரிசுச் சான்று வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

வெள்ளத்துக்குப் பத்திரம் எதற்கு? 2023 டிசம்பர் 17, 18-ல் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். கீழே இடுப்பளவுக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால் அதுவே பதில்.

பாளையங்கோட்டை அக்கா: தம்பி, குடியிருப்பவரிடம் நேரே பேசினீர்களா? ஒருவர் குடியிருக்கும் வீட்டை வாங்கினால், அவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அது உங்களுக்குத் தெரியும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு "எனக்குச் சொல்லவில்லை" என்றால் எடுபடாது.

கேட்பவர்: போய்க் கேட்டேன் அக்கா. கீழ்வீட்டுக்காரர் வாடகையே கொடுப்பதில்லை! 5 லட்சத்துக்கு ஒத்தியாம், காலி செய்யும்போது அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமாம். வெறும் பத்திரத்தாளில் எழுதியிருக்கிறார்கள், பதிவு இல்லை. தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு வந்ததையும் அவரே சொன்னார்.

பாளையங்கோட்டை அக்கா: நினைத்தேன். பதிவாகாத ஒத்தி சட்டப்படி செல்லாது என்று யாராவது சொல்வார்கள், அதை நம்பி வாங்காதீர்கள். பணம் வராமல் அவர் வீட்டைக் காலி செய்யமாட்டார். கிரய ஒப்பந்தத்திலேயே இப்படி எழுதுங்கள்: விலையில் 5 லட்சத்தைப் பிடித்து, பதிவு அன்று ஒத்திக்காரர் பெயரில் டிடி, அன்றே சாவி. மேல்வீட்டில் குடியிருப்பவர் கொடுத்த அட்வான்ஸையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள், நாளைக்கு அதை உங்களிடம்தான் கேட்பார்கள்.

தாமிரபரணிக்காரன்: 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-ம் பிரிவுப்படி, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியக் குறை தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால் அதைச் சொல்லி வழக்காட ஆண்டுக்கணக்காகும். அதனால் காலியாக விட்ட மூன்றுக்கும் ஒப்பந்தத்தில் அவர் கைப்பட பதில் எழுத வேண்டும், பொய்யானால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும். இன்னொன்று, விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் 1 சதவீதம் வருமான வரி (டிடிஎஸ்), அதாவது 58 ஆயிரம், விற்பவருக்குத் தரும் பணத்தில் நீங்கள்தான் பிடித்துக் கட்ட வேண்டும்.

கேட்பவர்: புரோக்கரிடம் சொன்னேன். "வேற பார்ட்டி ரெடியா இருக்கு" என்றார். சரி, அவர்களுக்கே கொடுங்கள் என்றேன். ராத்திரி விற்பவரே போன் செய்தார்: தங்கை இருக்கிறாராம், மதுரையில். வாரிசுச் சான்று வந்ததும் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.