மான்ட்பிளாங்க் 146 பேனா அசலா, போலியா? பணி ஓய்வுப் பரிசுக்காக வாங்கியது

கோட்டைக் கணக்கன் (மாட்டுங்கா, மும்பை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஃபோர்ட் பகுதியில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் மூத்த தணிக்கையாளர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். முப்பத்தைந்து ஆண்டுகளாக மைப்பேனாவைத் தவிர வேறு எதனாலும் கையெழுத்திட்டு அறியாதவர் அவர். ஆகையால் நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து பணம் போட்டு, அவருக்கு ஒரு நல்ல பேனா வாங்கித் தருவதென்று முடிவு செய்தோம். வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சயானில் தெரிந்தவர் ஒருவர் மூலமாக, கறுப்பு நிற மான்ட்பிளாங்க் மைஸ்டர்ஷ்டூக் 146 பேனாவைப் பதினான்காயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். கப்பலில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் வெளிநாட்டில் வாங்கியது என்றும், ஓரிரு முறைதான் எழுதியிருக்கிறார் என்றும் விற்றவர் சொன்னார். பெட்டி, கையேடு, உத்தரவாத அட்டை எல்லாம் இருக்கின்றன. மூடியின் உச்சியில் வெள்ளை நட்சத்திரம் இருக்கிறது. நிப்பில் 4810 என்று பொறித்திருக்கிறது. கிளிப்பின் வளையத்தில் வரிசை எண்ணும் இருக்கிறது.

நேற்று உடன் வேலை செய்பவர் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அந்த மௌனம்தான் என்னை உறுத்துகிறது. பேனாவுக்குச் சேதம் வராமல், வீட்டிலேயே அசலா போலியா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? பேனாவை அறிந்த மனிதரிடம் போலியைக் கொடுத்துத் தலைகுனிய நான் விரும்பவில்லை.

---

செம்பூர் மைக்கூடு எழுதியது:

வணக்கம் சார். முதலில் அந்தப் பெட்டியையும் கையேட்டையும் அட்டையையும் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். நிப்பில் மலையின் உயரத்தைப் பொறிக்கத் தெரிந்தவனுக்கு அட்டைப் பெட்டி அச்சடிப்பது ஒரு வேலையே அல்ல. நீங்கள் சொன்ன நட்சத்திரம், 4810, வரிசை எண் ஆகிய மூன்றும் போலி செய்பவர்கள் முதலில் செய்து முடிக்கும் மூன்று காரியங்கள். வாங்குபவர்கள் அவற்றைத்தான் தேடுவார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். (4810 என்பது மான்ட்பிளாங்க் சிகரத்தின் உயரம், மீட்டரில். பிற்காலத்தில் அளந்தபோது உயரம் சில மீட்டர் குறைவாக வந்தும் நிப்பில் உள்ள எண்ணை அவர்கள் மாற்றவில்லை.)

போலி செய்பவர்கள் செலவுக்கு அஞ்சி விட்டுவிடும் இடங்களைத்தான் பார்க்க வேண்டும். அவற்றில் முதன்மையானது பேனா மையை நிரப்பிக்கொள்ளும் முறை. 146, 149 ஆகிய இரண்டும் பிஸ்டன் பேனாக்கள். பின்முனையில் உள்ள குமிழைத் திருப்பினால் உள்ளே பிஸ்டன் முன்னும் பின்னும் நகர்ந்து, நிப்பின் வழியாகவே மையை உறிஞ்சும். உடலுக்குள் தனியாகக் கன்வெர்ட்டரோ (மையை உறிஞ்சும் தனிச் சிறு குழாய்) கார்ட்ரிட்ஜோ (மை அடைத்த மாற்றுக் குப்பி) இருக்காது. அவற்றைப் போடும் அமைப்பு 145 என்ற சற்றுச் சிறிய மாதிரிக்கு உண்டு. பிஸ்டன் அமைப்பைச் சரியாகச் செய்வதற்குச் செலவு அதிகம் ஆகும் என்பதால், போலிகளில் பெரும்பாலானவை வெளியே 146 போலவும் உள்ளே சாதாரணக் கன்வெர்ட்டர் பேனாவாகவும் இருக்கும். சிலவற்றில் பின்முனைக் குமிழ் வெறும் அலங்காரமாகச் சும்மா சுழலும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, நிப்பை அதில் முழுவதும் மூழ்கவிட்டு, குமிழைத் திருப்பி உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். விரல்கள் பிடிக்கும் கழுத்துப் பகுதியை மட்டும் வலுவாகத் திருகிவிடாதீர்கள். அசல் 146இல் அது அடிக்கடி கழற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

கழுத்துக்கு மேலே உடல் தொடங்கும் இடத்தில், மை எவ்வளவு மீதி இருக்கிறது என்று காட்டும் சாளரம் ஒன்று இருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் நெடுக்குக் கோடுகளுக்கு இடையே உள்ளே தெரியும். போலியில் அது இல்லாமலே இருக்கும், அல்லது கோடு வரைந்த வெறும் அலங்காரமாக இருக்கும்.

பிறகு எடை. நம் ஊரில் கனமான பொருள் என்றால் உயர்ந்த பொருள் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. பாத்திரக் கடையில் அந்தக் கணக்குச் சரி. இங்கே அது தலைகீழ். அசல் கறுப்பு 146 பிசின் எனப்படும் ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனது, சுமார் 25 கிராம்தான் இருக்கும். அதைவிடப் பெரிய 149கூட 32 கிராம் அளவில்தான் நிற்கும். போலிகள் பெரும்பாலும் பித்தளைக் குழாயின் மேல் கறுப்பு வண்ணம் பூசியவை. நாற்பது கிராமைத் தாண்டும். தெருமுனை நகைக் கடையில் தராசில் வைத்துக் கேளுங்கள், அரை நிமிட வேலை.

விலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்தது கடையில் புதிய பேனாவின் விலையில் கால்பங்கு அளவுகூட வராது. உறவினர், கப்பல், ஓரிரு முறை எழுதியது என்ற கதையை இந்த நகரத்தில் நான் குறைந்தது நான்கு பேர் வாயில் கேட்டிருக்கிறேன்.

---

நிப் தீட்டுபவள் (டோம்பிவிலி) எழுதியது:

பழுதான நிப்புகளைச் சரிசெய்து கொடுப்பது என் பகுதிநேர வேலை. போலிகள் மாதத்துக்கு ஒன்றாவது என் மேசைக்கு வரும். மைக்கூடு ஐயா சொன்னதில் பெரிய மாற்றுக்கருத்து எனக்கு இல்லை. ஆனால் இணையத்தில் பரவலாகச் சொல்லப்படும் சில சோதனைகளைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். அவற்றை நம்பி அசலைப் போலி என்று முடிவு கட்டியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கைபேசி விளக்கை மூடியின் மேல் பாய்ச்சினால் அசல் பிசின் அடர் சிவப்பாக ஒளிரும் என்பார்கள். கறுப்புப் பிசின் மாதிரிகளில் அது உண்மைதான், மாதுளை முத்தின் நிறம் போலத் தெரியும். ஆனால் உலோக உடலும் அரக்குப் பூச்சும் கொண்ட அசல் மாதிரிகளும் உண்டு. அவற்றில் எதுவும் ஒளிராது. தரமான போலிகளில் சிலவும் இப்போது பிசினாலேயே வருகின்றன. எனவே ஒளிரவில்லை என்றால் ஐயப்படலாம். ஒளிர்ந்துவிட்டது என்று நிம்மதி அடையக் கூடாது.

வரிசை எண்ணும் அப்படித்தான். 1990களுக்கு முந்தைய அசல் பேனாக்களில் வரிசை எண்ணே கிடையாது. வளையத்தில் மேற்கு ஜெர்மனி என்று பொறித்த பழைய பேனாவைக் கொண்டுவந்து, எண் இல்லையே என்று கலங்கியவர் ஒருவர் இருந்தார். அவருடையது முழு அசல். மறுபுறம், போலி செய்பவர்கள் ஒரே எண்ணை நூற்றுக்கணக்கான பேனாக்களில் பொறித்துவிடுகிறார்கள். உங்கள் எண்ணை அப்படியே இணையத்தில் தேடிப் பாருங்கள். வெவ்வேறு ஊர்களின் விற்பனை விளம்பரங்களில் அதே எண் தென்பட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

காந்தச் சோதனை பாதிதான் பயன்படும். 146இன் நிப் பெரும்பாலும் 14 காரட் தங்கம், அதில் 585 என்ற எண் இருக்கும். 18 காரட்டாக இருந்தால் 750. தங்கம் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே உங்கள் நிப் காந்தத்தில் ஒட்டினால் அது தங்கமல்ல, கதை முடிந்தது. ஒட்டவில்லை என்றால் எதுவும் தெளிவாகாது, ஏனென்றால் காந்தத்தில் ஒட்டாத எவர்சில்வர் வகைகளும் இருக்கின்றன. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் தங்கச் சந்தையான ஜவேரி பஜாரில் எக்ஸ்ரே கருவியில் காரட் பார்த்துத் தருபவர்களிடம் போங்கள், கீறல் விழாது. இரு நிற நிப்பின் வெள்ளைப் பகுதியில் வேறு உலோகப் பூச்சு இருப்பதால் மஞ்சள் பகுதியில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். உரைகல்லில் மட்டும் தேய்க்க விடாதீர்கள். அசலாக இருந்துவிட்டால் நிப்பைக் கெடுத்த பாவம் உங்களைச் சேரும்.

என்னைக் கேட்டால், ஒரு பூதக்கண்ணாடிதான் சிறந்த கருவி. நிப்பின் நடுப் பிளவு அதன் கண்ணிலிருந்து (நடுவில் உள்ள சிறு துளை) முனைவரை நேராகச் செல்கிறதா, இரு பாதிகளும் சமமாக இருக்கின்றனவா, எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் நடு வளையத்தில் மைஸ்டர்ஷ்டூக் (Meisterstück) என்ற சொல்லில் யு (u) எழுத்தின் மேல் இரண்டு புள்ளிகள் தெளிவாகத் தனித்தனியே இருக்க வேண்டும். உச்சி நட்சத்திரம் மேலே ஒட்டிய தாள் போலப் புடைத்திருக்கக் கூடாது. கறுப்புக்குள் பதிந்து, நகத்தால் தடவினால் தடை தெரியாமல் வழவழப்பாக இருக்க வேண்டும்.

---

கோட்டைக் கணக்கன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு சொன்னபடியே சோதித்துப் பார்த்தேன். விவரங்களை வரிசையாகப் பதிகிறேன்.

மாட்டுங்கா சந்தைக்கு அருகே உள்ள நகைக் கடையில் நிறுத்தபோது 43 கிராம் இருந்தது. பின்முனைக் குமிழ் சுழல்கிறது, ஆனால் தண்ணீரை உறிஞ்சவில்லை. கழுத்தைத் துடைக்கும்போது, நான் திருகாமலே, தானாகக் கழன்று வந்துவிட்டது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் கன்வெர்ட்டர். சாளரம் இல்லை. யு எழுத்தின் மேல் இரண்டு புள்ளிகளும் சரியாக இருக்கின்றன, அதைப் பார்த்து ஒரு நிமிடம் நம்பிக்கை பிறந்தது. பிறகு குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருந்த காந்தத்தை நிப்புக்கு அருகே கொண்டுபோனேன். பேனா மேசையில் உருண்டு வந்து அதைக் கட்டிக்கொண்டது. வரிசை எண்ணைத் தேடியதில் மூன்று விளம்பரங்களில் அதே எண் இருந்தது, அவற்றில் ஒன்று வேறொரு நாட்டில்.

ஆக, போலிதான். இனி என்ன செய்வது? விற்றவர் தெரிந்தவர், அவரே ஏமாந்திருக்கவும் கூடும். இதை வேறு யாருக்காவது, போலி என்று சொல்லியே, குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு நட்டத்தைக் குறைக்கலாமா?

---

தாதர் வழக்குரைஞன் எழுதியது:

தயவுசெய்து அதை விற்காதீர்கள், போலி என்று சொல்லியும் விற்காதீர்கள். 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 104ஆம் பிரிவு, பொய்யான வணிகக் குறி இட்ட பொருளை விற்பதையும் விற்பனைக்காக வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. தெரியாமல் விற்றவர், தான் தக்க எச்சரிக்கையோடு நடந்துகொண்டதை நிறுவினால் தப்பிக்க வழி இருக்கிறது. நீங்கள் இப்போது எல்லாவற்றையும் அறிந்தவர், அதையும் இங்கே எழுதியே வைத்துவிட்டீர்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. இன்னதென்று விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. கடைக்காரரிடம் வாங்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கச் சொல்லியிருப்பேன். தனி மனிதர் ஒரே ஒருமுறை விற்றதற்கு நுகர்வோர் சட்டம் பொருந்துவது கடினம். அவரே அடிக்கடி இப்படி விற்பவர் என்று தெரிந்தால் நிலைமை வேறு.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அவர் அசல் 146 என்று எழுதிய செய்திகளையும், பணம் அனுப்பிய பதிவையும் படமெடுத்து வையுங்கள். எடை, கன்வெர்ட்டர், காந்தம் மூன்றையும் காணொளியாக எடுங்கள். பிறகு குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், பொருள் சொன்னபடி இல்லை, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பணம் வரும்வரை பேனாவைக் கையை விட்டு அனுப்பாதீர்கள்.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். 149இன் தோற்றத்தை ஒட்டி, சொந்தப் பெயரிலேயே விற்கப்படும் ஜின்ஹாவ் 159 போன்ற சீனப் பேனாக்கள் உண்டு. அவை பித்தளை உடல் கொண்டவை, கனமானவை, சில நூறு ரூபாய்க்கு நன்றாகவே எழுதுபவை. அடுத்தவர் பெயரைத் தாங்காத பேனாவை யாரும் போலி என்று சொல்வதில்லை.

---

கோட்டைக் கணக்கன் எழுதியது:

சொன்னபடி எழுதிக் கேட்டேன். முதல் நாள் பதில் இல்லை. இரண்டாம் நாள் அவரே அழைத்து, தானும் இன்னொருவரிடம் வாங்கியதுதான் என்றார். நேற்று சயான் நிலையத்தின் வெளியே நின்று பத்தாயிரம் கொடுத்தார், மீதியை வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேனா அதுவரை என் மேசை இழுப்பறையில்தான் இருக்கும்.

ஓய்வு விழாவுக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. அதே பதினான்காயிரத்துக்குள், பெயர் பெரிதாக இல்லாவிட்டாலும் அவர் வைத்து எழுதக்கூடிய பேனா எதையாவது சொல்ல முடியுமா? அவர் கையெழுத்து சற்றுத் தடிமனாக விழும்.

---

நிப் தீட்டுபவள் எழுதியது:

அந்தத் தொகைக்குள் இரண்டு வழிகள் இருக்கின்றன. முறையான ரசீதோடு ஜப்பானியப் பேனா ஒன்று வாங்கலாம். அல்லது திருவள்ளூரில் கையால் கடையும் எபொனைட் (கெட்டி ரப்பர்) பேனாவில் ஜெர்மன் நிப் பொருத்தித் தரச் சொல்லலாம், பணமும் மிஞ்சும். முப்பத்தைந்து ஆண்டுகள் மைப்பேனாவோடு வாழ்ந்தவருக்கு நான் இரண்டாவதைத்தான் கொடுப்பேன். ஆனால் கடைந்து வர நாளாகும். ஒன்பது நாட்களுக்குள் முடியுமா என்று இன்றே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

நிப்பின் அகலத்தில் கவனம் தேவை. ஜப்பானிய நிப்புகள் ஐரோப்பிய நிப்புகளைவிட ஏறக்குறைய ஒரு படி மெல்லியவை; அவர்களுடைய நடுத்தர நிப் ஜெர்மானிய மெல்லிய நிப்புக்கு அருகே வரும். அவர் கையெழுத்து தடிமன் என்றால் ஜப்பானியதில் அகல நிப்பும், ஜெர்மானியதில் நடுத்தரமும் சரியாக இருக்கும். உங்கள் அலுவலகக் கோப்புகளில் அவர் ஒப்பமிட்ட தாள்கள் நிறைய இருக்குமே, அவற்றில் ஒன்றின் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். முழுக் கையெழுத்து வேண்டாம், ஒரே ஒரு சுழி போதும், மற்றதை மறைத்துவிடுங்கள்.