புதுப்பிப்பு: அப்பத்தா கையில் இருந்தது படர்தாமரை இல்லை, தோல் காசநோய்

அப்பத்தாவின் முழங்கையில் வருஷக்கணக்காகப் பரவிக்கொண்டே போகிற செந்தடிப்பு எந்தக் களிம்புக்கும் மசியவில்லை, என்னவாக இருக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். பயாப்சி (தோலில் சிறு துண்டு எடுத்துச் செய்யும் சோதனை) முடிவு வந்துவிட்டது, தோலில் வரும் காசநோய், லூபஸ் வல்காரிஸ் என்கிற வகை.

காரைக்குடியில் பார்த்த தோல் டாக்டர் கண்ணாடி ஸ்லைடை அதன் மேல் அழுத்தி என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பு வெளிறி, உள்ளே பழுப்பு மஞ்சளில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. நடுவில் தழும்பாகி ஓரத்தில் மட்டும் மெல்ல நகர்வதால்தான் இதைப் பலர் படர்தாமரை என்றே நினைத்துவிடுகிறார்கள்.

நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. நுரையீரல் காசநோய்க்கான அதே மாத்திரைகள்தான்: முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால், அப்புறம் 4 மாதம் பைரசினமைடு இல்லாமல் மற்ற மூன்றும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1000 ரூபாயும் உண்டு. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசின். பார்வை மங்கினாலோ கண் மஞ்சளித்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பங்காளி வீட்டு விசேஷத்தில் அப்பத்தாவை வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) எல்லோரோடும் உட்காரவிடாமல் பின்பக்கம் இரண்டாங்கட்டில் தனியாக இலை போட்டார்கள், எனக்கு மனசே ஆறவில்லை. நுரையீரலில் நோய் இல்லாதபோது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் இது ஒட்டாது. மாத்திரை ஆரம்பித்தாச்சு, ஓரத் தடிப்பு கொஞ்சம் தட்டையாகியிருக்கிறது. கோர்ஸ் முடியும்வரை ஒருவேளைகூட விடாமல் நானேதான் கொடுக்கிறேன்.