12 கண்ணாடிக் குடுவைகளுக்கு எந்த வகை அட்டைப்பெட்டி? சாதாரண மடலா, முழு மடலா, மெயிலரா?

மெழுகுக்குடில் (கேள்வி)

வணக்கம். கண்ணாடிக் குடுவையில் ஊற்றிய மெழுகுவர்த்திகளைச் செய்து விற்கிறேன். குடுவையின் விட்டம் 8 செ.மீ., தகர மூடியோடு உயரம் 10 செ.மீ., நிறைந்த எடை 450 கிராம். கடைகளுக்கு 12 குடுவைகள் கொண்ட பெட்டியாக அனுப்புகிறேன். இணையத்தில் வாங்குபவர்களுக்கு ஒன்றொன்றாகக் கூரியரில் போகிறது.

கடைப் பெட்டியில்தான் தலைவலி. இப்போது இருப்பது மூன்று பிளை (மூன்று தாள் அடுக்கு) அட்டை, உள்ளளவு 35 × 26 × 10.5 செ.மீ. நீளவாக்கில் 4, அகலவாக்கில் 3 என்று ஒரே அடுக்காகக் குடுவைகளை நிறுத்தி, இடையில் அட்டைத் தடுப்பு போடுகிறோம். உடைந்தால் பெரும்பாலும் நடுவில் இருப்பவைதான் உடைகின்றன. ஓரத்துக் குடுவைகள் பத்திரமாகப் போய்ச் சேர்கின்றன. அடித்து எறிந்தால் ஓரம்தானே முதலில் உடைய வேண்டும்?

பெட்டி செய்து தருபவரிடம் சொன்னேன். "ஐந்து பிளைக்கு மாறுங்கள், இல்லையென்றால் முழு மடல் வையுங்கள்" என்கிறார். இரண்டுமே விலை ஏறும் வழி. இன்னொருவர் மெயிலர் (மூடி பெட்டியோடு சேர்ந்தே வரும், செருகி மூடும் வகை) பெட்டிதான் இப்போது எல்லோரும் வாங்குகிறார்கள் என்று மாதிரி அனுப்பினார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எதை நம்புவது என்று தெரியவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய பெட்டிக்காரன் (பதில்)

அளவுகளைச் சரியாகக் கொடுத்ததற்கு முதலில் நன்றி, அம்மா. பாதிப் பேர் "நடுத்தரமான பெட்டி வேண்டும்" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

உங்கள் பெட்டி, பெட்டி வகைகளுக்கு எண் கொடுக்கும் ஃபெஃப்கோ பட்டியலில் 0201 எனப்படும் வகை, அதாவது சாதாரண மடல். உலகத்தில் அதிகம் ஓடுவது அதுதான். அடியை மூட மடிக்கும் நான்கு மடல்களும் ஒரே நீளம். ஒவ்வொன்றும் பெட்டியின் அகலத்தில் பாதி. உங்களுக்கு அகலம் 26, ஆகவே மடல் 13 செ.மீ. நீளப்பக்கத்து வெளி மடல்கள் இரண்டும் நடுவில் சந்திக்கும். ஆனால் குறுக்குப் பக்கத்திலிருந்து வரும் உள் மடல்கள் சந்திக்காது. 35 செ.மீ. நீளத்தில் இந்தப் பக்கம் 13, அந்தப் பக்கம் 13 போனால் நடுவில் 9 செ.மீ. வெற்றிடம். அங்கே தரை ஒற்றை அட்டை, மற்ற இடத்தில் இரட்டை அட்டை.

இப்போது ஒரு காலிப் பெட்டியை எடுத்து, அடிப்பக்கத்தை மட்டும் ஒட்டி, உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். ஒரு படி தட்டுப்படும். உங்கள் இரண்டாவது வரிசைக் குடுவையின் மையம் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 13 செ.மீ. தள்ளி விழுகிறது. உள் மடல் முடிவதும் அதே 13-இல். அதாவது அந்தக் குடுவை பாதி படிமேலும் பாதி பள்ளத்திலுமாக நிற்கிறது. மூன்றாவது வரிசையும் எதிர்ப்பக்கத்தில் அப்படியே. நடுவில் நிற்கும் ஆறு குடுவைகளும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்துகொண்டு பயணம் போகின்றன. பெட்டி தரையில் தட்டென்று இறங்கும்போது அடிக்கண்ணாடி முழுப்பரப்பில் அடி வாங்காமல் ஒரு விளிம்பில் வாங்குகிறது. உங்கள் ஓரத்துக் குடுவைகள் இரட்டை அட்டைமேல் சமமாக நிற்பதால் தப்பிக்கின்றன.

ஐந்து பிளை போட்டால் என்ன ஆகும்? படியின் உயரம் 3 மி.மீ.யிலிருந்து 6, 7 மி.மீ.க்கு ஏறும். சாய்வு கூடும். காசும் போய்ப் பொருளும் உடையும் வழி அது.

முழு மடல் (0203) நிச்சயமாகப் படியை மறைக்கும், ஏனென்றால் வெளி மடல் ஒவ்வொன்றும் முழு அகலத்துக்கும் போகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 0201-க்குத் தேவையான அட்டைப் பரப்பு 2 × (நீளம் + அகலம்) × (உயரம் + அகலம்). உங்களுக்கு 2 × 61 × 36.5, ஏறத்தாழ 4,450 ச.செ.மீ. முழு மடலில் கடைசி அடைப்புக்குள் அகலத்தை இரண்டு முறை கூட்ட வேண்டும்: 2 × 61 × 62.5, அதாவது 7,600-ஐத் தாண்டுகிறது. எழுபது விழுக்காடு கூடுதல் அட்டை. 5.4 கிலோவுக்கு அது தேவையே இல்லை. அடியில் 35 × 26 அளவில் ஒரு துண்டு அட்டையைப் போட்டால் 910 ச.செ.மீ.யில் வேலை முடிந்துவிடும். பள்ளத்தை மட்டும் நிரப்ப வேண்டும் என்றால் 9 × 26 துண்டே போதும். ஆனால் பெட்டி கட்டும் பிள்ளைகள் அதைச் சரியான இடத்தில் வைப்பார்கள் என்று நான் நம்ப மாட்டேன்.

இதற்கும் மேலே ஒரு வழி இருக்கிறது. பெட்டியின் வகையை விட்டுவிட்டு, குடுவைகளை அடுக்கும் முறையை மாற்றுங்கள். 4 × 3 ஒரே அடுக்குக்குப் பதிலாக 3 × 2, இரண்டு அடுக்கு. உள்ளளவு ஏறத்தாழ 26 × 17.3 × 21.5 வரும். பரப்பு 2 × 43.3 × 38.8, சுமார் 3,360. கால் பங்கு அட்டை மிச்சம். மூன்று விரிப்புத் துண்டுகள் (அடி, நடு, மேல்) சேர்த்தாலும் அதே கால் பங்கு மிச்சமாகிறது, ஏனென்றால் பழைய பெட்டிக்கும் அடியிலும் மேலுமாக இரண்டு பெரிய துண்டுகள் வேண்டும். 0201-இல் ஒரே கொள்ளளவுக்கு மிகக் குறைந்த அட்டை போவது நீளம், அகலம், உயரம் 2 : 1 : 2 என்ற விகிதத்தில் வரும்போது. தட்டையான பெட்டி பார்வைக்குச் சிக்கனமாகத் தெரியும். மடல்தான் அட்டையைத் தின்கிறது.

புது அடுக்கில் இன்னொரு சௌகரியம். உள் மடல் 8.65, பள்ளம் 8.7, அதன்பின் மறுபடி 8.65. நடு வரிசைக் குடுவை முழுவதுமாகப் பள்ளத்துக்குள் நேராக இறங்கி நிற்கும், சாயாது. விரிப்பைப் போடுங்கள், ஆனாலும் யாராவது மறந்தாலும் உடனே உடையாது.

மெயிலரைப் பற்றி. 0427 நல்ல பெட்டி. டேப் இல்லாமல் மூடலாம், பக்கச் சுவர் இரட்டை, மூடியைத் திறந்தால் பொருள் கண்முன் நிற்கும். புத்தகம், மடித்த துணி, தட்டையான எதுவானாலும் தாராளமாக வாங்குங்கள். உயரமான பொருளுக்குப் போட்டால் அந்த இரட்டைச் சுவரே எதிரி. உங்கள் ஒற்றைக் குடுவைக்குச் சுற்றிலும் 2.5 செ.மீ. மெத்தை விட்டால் உள்ளளவு 13 × 13 × 15. 0201-இல் 1,456 ச.செ.மீ. அட்டை போதும். அதே அளவு மெயிலருக்கு இரண்டு மடங்குக்கு மேல் போகும். டை (அட்டையை வெட்டும் அச்சு) வேறு செய்ய வேண்டும். அதோடு சதுர அடி வருவதால் 0201-இல் நான்கு மடல்களும் நடுவில் சந்தித்துவிடும். படியும் இல்லை, பள்ளமும் இல்லை.

அழகு வேண்டும் என்றால் குடுவையை அச்சிட்ட மெல்லிய காகித அட்டை டப்பாவில் வைத்து, அதை இந்தச் சாதாரணப் பெட்டிக்குள் வையுங்கள். அடி வாங்குவது வெளிப்பெட்டி. வாங்குபவர் கையில் எடுப்பது உள்டப்பா.

---

கிடங்கு_07 (பதில்)

மேலே ஐயா சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. முழு மடலைத் தேவையே இல்லாதது போல ஒதுக்கிவிட்டார். நீளம் அகலத்தைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும் பெட்டிகளுக்கு (விளக்குத் தண்டு, திரைக்கம்பி) 0203 இல்லாமல் நாங்கள் இறக்குவதே இல்லை. சாதாரண மடலில் நடுப்பள்ளம் அரை மீட்டர் நீளத்துக்குப் போய்விடும். டேப் ஒன்றுதான் பொருளைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

மெழுகுக்குடில், கடையில் பெட்டிகளை எப்படி அடுக்குகிறார்கள் என்று விசாரித்தீர்களா? பெட்டி சுமையைத் தாங்குவது முக்கியமாக மூலைகளால். ஒன்றின் மூலைக்கு நேர்மேலே அடுத்ததன் மூலை இருந்தால் நன்றாக நிற்கும். செங்கல் சுவர் போல மாற்றி மாற்றி அடுக்கினால் அடுக்கு குலையாது, ஆனால் பெட்டியின் தாங்குதிறனில் பாதி வரை போய்விடும். பெட்டிகளை ஏற்றி வைக்கும் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே கதை. ஈரப்பதம் இன்னொரு எமன். காற்றில் ஈரம் 90 விழுக்காட்டை நெருங்கும் கிடங்கில் அட்டையின் வலு ஏறத்தாழ பாதியாகிவிடும். காய்ந்த அறையில் சோதித்த எண்ணை வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் ஆறு பெட்டி உயரத்துக்கு ஏற்றாதீர்கள்.

அட்டைக்குள் இருக்கும் தாளின் நெளிவு எந்தத் திசையில் ஓடுகிறது என்றும் பாருங்கள். சுவர்களில் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அட்டையை மிச்சம் பிடிக்கப் படுக்கவாட்டில் வெட்டித் தந்த பெட்டி ஒருமுறை எங்களிடம் வந்தது. மேல்பெட்டியை வைத்ததும் சுவர் புடைத்துக்கொண்டது.

---

மெழுகுக்குடில் (பதில்)

தடவிப் பார்த்தேன் ஐயா. படி இருக்கிறது! ஒரு குடுவையை அங்கே வைத்துத் தட்டினால் ஆடுகிறது.

3 × 2 இரண்டடுக்கு சரியாகத்தான் படுகிறது. ஆனால் மேலடுக்கின் எடை கீழ்க் குடுவைகளின் மூடியில் இறங்குமே, அது பரவாயில்லையா? கடைகளில் ஆறு பெட்டி உயரம் வரை அடுக்குவார்கள். மூன்று பிளை தாங்குமா? டேப் ஒற்றைக் கோடாகப் போட்டால் போதுமா?

---

பழைய பெட்டிக்காரன் (பதில்)

கீழ்க் குடுவை ஒவ்வொன்றின்மேலும் ஒரு குடுவை, 450 கிராம். கண்ணாடி அதைப் பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது. மூடி தட்டையாக இருந்தால் நடுவிரிப்பு போதும். மூடியில் குமிழ் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும்.

அடுக்குச் சுமைக்கு முதலில் கேட்க வேண்டியது, எடையைப் பெட்டி தாங்கப்போகிறதா, பொருள் தாங்கப்போகிறதா என்பது. துணி, பொம்மை, பிளாஸ்டிக் பை போன்றவற்றில் முழுச் சுமையும் பெட்டிச் சுவருக்கு. உங்களுடையது கண்ணாடி, நேராக நிற்கிறது. உயரத்தைத் தளர்வாக விடாமல் வைத்தால் குடுவைகளும் பங்கு எடுத்துக்கொள்ளும். ஆனாலும் பெட்டி தனியாகத் தாங்கும் என்றே கணக்குப் போடுங்கள். ஆறு உயரம் என்றால் அடிப்பெட்டிமேல் ஐந்து. ஒவ்வொன்றும் 6 கிலோ என்று வையுங்கள், 30 கிலோ. கிடங்கு_07 சொன்ன ஈரம், கோணல் அடுக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்து மடங்கு விட்டால் 150 கிலோ. பெட்டி செய்பவரிடம் பிளை எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். "இந்த அளவில் பெட்டி அழுத்தத் தாங்குதிறன் 150 கிலோ வேண்டும்" என்று கேளுங்கள். மூன்று பிளையிலேயே நல்ல தாளில் அவரால் தர முடிகிறதா என்று அவர் சொல்லட்டும். வெடிப்பு வலிமையை மட்டும் எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அட்டையை அழுத்தி வெடிக்க வைப்பது எவ்வளவு கடினம் என்று அது சொல்லும்; அடுக்கினால் நிற்குமா என்று சொல்லாது.

அளவு கொடுக்கும்போது நீளம், அகலம், உயரம் என்ற வரிசையில், உள்ளளவு என்று எழுதியே கொடுங்கள். 3 மி.மீ. அட்டையில் வெளியளவு நீள அகலத்தில் 6 மி.மீ.யும், மேலும் கீழும் இரட்டை மடல் வருவதால் உயரத்தில் 12 மி.மீ.யும் கூடும். கூரியர்க்காரர் அளப்பது வெளியளவை. உங்கள் ஒற்றைப் பெட்டி 13.6 × 13.6 × 16.2 ஆகிறது, கன செ.மீ.யை 5,000-ஆல் வகுத்து கன அளவு எடை போடும் கூரியரில் அது 0.6 கிலோ. உண்மை எடை அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். மெத்தையை இன்னும் ஒரு செ.மீ. கூட்ட நினைத்தால் இதையும் பாருங்கள்.

டேப் நடுக்கோட்டில் ஒன்று, இரண்டு ஓரங்களிலும் குறுக்காக ஒவ்வொன்று. கண்ணாடிக்கு அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பக்கவாட்டு இணைப்பு கம்பிப் பின் அடித்ததா, பசை ஒட்டியதா என்றும் கேளுங்கள். எனக்குப் பசைதான் பிடிக்கும். பின் துருப்பிடிக்கும், உள்டப்பாவின் அச்சைக் கீறும்.

மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் முன் ஐந்து மாதிரிகள் கேளுங்கள். டை இல்லாமலே பிளாட்டரில் (கணினி வழி வெட்டும் இயந்திரம்) வெட்டித் தருவார்கள். நிரப்பி, ஒட்டி, 76 செ.மீ. உயரத்திலிருந்து போடுங்கள். முதலில் ஒரு மூலை, பிறகு அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், கடைசியில் ஆறு முகங்கள். மொத்தம் பத்து. பார்சல்களைச் சோதிக்கும் இஸ்டா அமைப்பின் 1ஏ சோதனையில் 10 கிலோவுக்குக் குறைந்த பெட்டிக்கு இதுதான் வரிசை. அதன்பின் திறந்து முதலில் நடு வரிசையைப் பாருங்கள்.

---

மெழுகுக்குடில் (பதில்)

மூடி தட்டைதான். 26 × 17.3 × 21.5 உள்ளளவு, பசை இணைப்பு, 150 கிலோ என்று எழுதி மாதிரி கேட்டிருக்கிறேன். "எத்தனை பிளை என்று நீங்கள் சொல்லவே இல்லையே" என்று பதில் வந்தது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று திருப்பி எழுதிவிட்டேன்.