நொய்யல் கரைத் தோட்டத்தில் காட்மியம்: மண்ணில் எதை இடலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, சாயக்கழிவு கலந்த நீர் பல ஆண்டுகள் பாய்ந்த எங்கள் தோட்டத்து மண்ணில் காட்மியம், குரோமியம் ஆகிய நச்சு உலோகங்கள் கூடுதலாக இருப்பது பரிசோதனையில் தெரிய வந்துள்ளது. இலைக் காய்கறிகள் காட்மியத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால் கீரைப் பாத்திகளை உடனே நிறுத்திவிட்டோம்.

அமில மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு இட்டுக் காட்மியத்தின் கரைதிறனைக் குறைக்கலாம். ஆனால் எங்களுடையது சுக்கான் கல் (சுண்ணாம்புக் கட்டிகள்) நிறைந்த, கார அமில நிலை (pH) 8-ஐத் தாண்டிய கார நிலம். இதில் மேலும் சுண்ணாம்பு இடுவது வீண் என்றே கருதுகிறேன். வாய்க்கால் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதுதான் பெரிய கவலை, ஏனெனில் உப்பிலுள்ள குளோரைடு காட்மியத்துடன் இணைந்து அதைப் பயிருக்கு எளிதில் கிடைக்கச் செய்துவிடுகிறது.

நன்கு மக்கிய கட்டுத்தரைக் குப்பை, நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் (Cr VI) குரோமியத்தை நச்சு குறைந்த மூன்று இணைதிறன் (Cr III) வடிவத்துக்கு மாற்ற உதவும் என்பதால் அதை இடத் தொடங்கியுள்ளோம். அத்துடன் தேங்காய்த் தொட்டிக் (சிரட்டை) கரியைத் தூளாக்கிச் சேர்த்தவர்கள் இருந்தால், ஏக்கருக்கு எவ்வளவு இட்டீர்கள், எத்தனை போகம் பலன் நின்றது என்று தெரிவிக்க வேண்டுகிறேன். மாடுகளுக்கு விதைக்கும் சோளத்தட்டையும் இந்நிலையில் சோதிக்க வேண்டுமா என்பதையும் அறிந்தவர்கள் கூறுங்கள்.