புதுப்பிப்பு: பழைய தொங்குவிளக்கு வெண்கலமே, வார்ப்பு ஜப்பானியம், மின்னமைப்பு அமெரிக்கம்

கலிபோர்னியாவில் வாங்கிய, ஜப்பானியக் கோயில் விளக்கைப் போன்ற வளைந்த கூரையும் ஓபலசென்ட் (பால்போல் மங்கலாக மின்னும்) கண்ணாடியும் கொண்ட அறுகோணத் தொங்குவிளக்கு வெண்கலமா, துத்தநாக வார்ப்பா, எக்காலத்தது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பயன்பட்டது, கண்ணுக்குத் தெரியாத உட்பகுதியில் ஊசியால் மெல்லக் கீறிப் பார்க்கச் சொன்ன யோசனை. கீறலில் செம்மஞ்சள் உலோகம் மின்னியது; துத்தநாகமாக இருந்திருந்தால் வெள்ளி கலந்த சாம்பல் நிறம் தெரிந்திருக்கும். காந்தம் ஒட்டாததை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது, ஏனெனில் துத்தநாகத்திலும் அது ஒட்டாது.

மேல்மூடியைக் கழற்றியபோது, உள்விளிம்பில் 'ஜப்பான்' என்று ஆங்கில எழுத்துகளில் பொறித்திருந்தது. அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி 1891-இல் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானிய மொழியில் அந்நாட்டின் பெயரான 'நிப்பான்' என்பதற்குப் பதிலாக 'ஜப்பான்' என்றே குறிக்க வேண்டும் என 1921-இல் சுங்கத்துறை வரையறுத்ததால், இவ்விளக்கு பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

எதிர்பாராதது நடுத்தண்டு. அதன் மரை, அமெரிக்க விளக்குகளில் வழக்கமாக உள்ள, அங்குலத்துக்கு 27 சுற்றுகள் கொண்ட அளவிலேயே இருந்ததால், புதிய ஹோல்டர் அப்படியே பொருந்தியது. பழைய வயரைப் பழுது பார்க்காமல் முழுவதுமாக மாற்றிவிட்டேன்.

கூரை மடிப்புகளில் உறுதியாகப் படிந்திருக்கும் அழகிய பச்சைக் களிம்பைத் தேய்க்கவில்லை. பாலிஷ் போட்டால் அது மீளாது. காய்ச்சி வடித்த நீர், மென்மையான பிரஷ், பிறகு மெல்லிய மெழுகுப்பூச்சு, அவ்வளவே செய்தேன்.