எடை பெரிதாகக் குறையவில்லை, பலம் மட்டும் போகிறது: தொண்டைப் புற்றுநோய் ரேடியேஷனில் தசை இழப்பு

கேள்வி: தட்டும்_தராசும்

தொண்டைப் புற்றுநோய்க்கு 35 நாள் ரேடியேஷன் (வாரம் 5 நாளாக 7 வாரம்), கூடவே வாராவாரம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. இன்று 17-ஆம் நாள். ஆண், வயது 58, உயரம் 168 செ.மீ. தொடங்கிய அன்று 78 கிலோ, இன்று 75.5 கிலோ. அதாவது 3.2 சதவீதம் குறைவு, பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு) 26.8.

தராசை மட்டும் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் கைப்பிடி வலிமை 31 கிலோவிலிருந்து 25-க்கு இறங்கிவிட்டது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார 11 நொடி ஆனது, இப்போது 16 ஆகிறது. மூன்று நாள் உணவுக் குறிப்பைக் கூட்டினால் சராசரி 1,300 கலோரி, 50 கிராம் புரதம். வாய்ப்புண் தொடங்கிவிட்டது; குழைந்த உணவு மட்டும் இறங்குகிறது.

"எடை இழப்பு 5 சதவீதம் தாண்டட்டும், பார்க்கலாம்" என்பது குழுவின் கருத்து. என் கேள்விகள் மூன்று. காத்திருப்பது சரியா? மூக்கு டியூப் இப்போதே போடலாமா? ரத்தப் புரதமான ஆல்புமின் 3.1 இருக்கிறது, புரதப் பொடி கூட்டினால் ஏறுமா?

பதில் 1: கலோரிக்கணக்கு

காத்திருக்க வேண்டாம். முதலில் அந்த 78-ஐயே சந்தேகப்படுங்கள். அது சிகிச்சை தொடங்கிய நாளின் எடை. விழுங்க வலித்து, சாப்பாடு குறைந்து, பரிசோதனைகள் முடிந்து ரேடியேஷன் மேஜைக்கு வருவதற்குள் பலர் ஏற்கெனவே நாலைந்து கிலோ இழந்திருப்பார்கள். ஆறு மாதம் முன்பு என்ன எடை என்று கேளுங்கள். நினைவில்லை என்றால் இடுப்புப் பட்டையில் எந்த ஓட்டையில் மாட்டினார், இப்போது எதில் மாட்டுகிறார் என்று பாருங்கள். பழைய எடை 82 என்று தெரிந்தால் இழப்பு 8 சதவீதம் ஆகிவிடும், காத்திருப்பதா என்ற விவாதமே எழாது.

அது தெரியாவிட்டாலும், சத்துக் குறைபாட்டைக் கண்டறிய 2019-இல் வந்த 'கிளிம்' வரையறையில் எடை இழப்பு மூன்று உடல் அறிகுறிகளில் ஒன்றுதான். தசை குறைவு தனியாகவே ஓர் அறிகுறி. அதோடு காரணம் ஒன்று சேர வேண்டும்: இரண்டு வாரத்துக்கு மேல் உணவு குறைந்திருப்பதோ நோயால் வரும் அழற்சியோ போதும். பி.எம்.ஐ. 26.8 எதையும் மறுக்கவில்லை. கொழுப்புக்கு அடியில் தசை கரைவது வெளியே தெரியாது, அவ்வளவுதான். நெற்றிப்பொட்டில் குழி விழுந்திருக்கிறதா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பருமனான உடம்பிலும் அந்த இரண்டு இடமும் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

கணக்குக்கு வருவோம். கிலோவுக்கு 30 கலோரி என்றால் 2,265. கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்றால் 91 முதல் 113 கிராம். இவர் சாப்பிடுவது கலோரியில் 57 சதவீதம், புரதத்தில் ஏறக்குறைய பாதி. இன்னும் 18 நாள் ரேடியேஷன் பாக்கி. வாய்ப்புண் உச்சத்தைத் தொடுவது கடைசி வாரங்களிலும் முடிந்த பிறகு வரும் இரண்டு வாரங்களிலும். அதாவது மோசமான காலம் இனிமேல்தான் வரப்போகிறது. தசையில் முக்கால் பங்கு தண்ணீர். அதனால் ஒரே அளவு கலோரிப் பற்றாக்குறையைக் கொழுப்பிலிருந்து ஈடுகட்டுவதை விட தசையிலிருந்து ஈடுகட்டினால் பல மடங்கு கிலோ போகும்.

வாய்வழி ஏற்றுவதற்கு: முழுக்கொழுப்புப் பால் 250 மி.லி.யில் 8 கிராம் புரதம், 150 கலோரி. அதிலேயே 30 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பொடியைக் கரைத்தால் புரதம் 18-ஐத் தொடும், குடிக்கும் அளவு கூடாது. எந்தக் கூழிலும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கலந்தால் 120 கலோரி. முழுக்க வெந்த ஒரு முட்டையை மசித்தால் 6 கிராம். ஒரே வேளையில் எல்லாப் புரதத்தையும் கொட்டாதீர்கள். அழற்சி உள்ள உடம்பில் தசை புரதத்தை மந்தமாகத்தான் எடுத்துக்கொள்ளும். நாலு வேளையாக, வேளைக்கு 25 கிராமாவது போகட்டும்.

இது கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் மிக்சி ஜார்தான். "கெட்டியா இருக்கு, இறங்கல" என்றதும் ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றி அரைத்துவிடுவார்கள். 300 கலோரிக் கிண்ணம் இரண்டு கிண்ணமாகும். அவர் ஒன்றோடு வயிறு நிறைந்து நிறுத்திக்கொள்வார். உணவுக் குறிப்பிலோ "ஒரு கிண்ணம்" என்றே எழுதியிருக்கும். இளக்க வேண்டுமென்றால் பாலை ஊற்றி இளக்கச் சொல்லுங்கள். வடிகட்டிய சூப்பும் பழச்சாறும் வயிற்றில் இடத்தைத்தான் அடைக்கும், புரதம் தராது. பழச்சாற்றின் புளிப்பு புண்ணையும் எரிக்கும்.

வலி மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கரைத்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொப்பளிக்க வேண்டும். ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் வேண்டாம். மார்பின் வகை மருந்து தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்கட்டும். "பசியே இல்லை" என்பதில் பாதி, நாலு நாளாக வெளியே போகாதது.

ஆல்புமின் சத்தின் அளவுகோலே அல்ல. அழற்சி இருந்தால் கல்லீரல் அதைக் குறைவாகச் செய்யும், ரத்தக்குழாயிலிருந்தும் அது கசியும். கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள், அது உயர்ந்திருந்தால் எத்தனை டப்பா பொடி கொடுத்தாலும் ஆல்புமின் அசையாது. புரதம் கொடுக்க வேண்டியது தசைக்காக, அந்த 3.1-க்காக அல்ல.

பதில் 2: விழுங்குபயிற்சி

டியூப் பற்றி. தேவையில் 60 சதவீதத்துக்குக் கீழே ஒன்று இரண்டு வாரம் போனால் டியூப் என்பது பரவலாகப் பின்பற்றும் எல்லை. இவர் 57-இல் நிற்கிறார், இனிப் போவதும் இறக்கத்தில். நானாக இருந்தால் மேலே சொன்ன வழிக்கு மூன்று நாலு நாள் கெடு வைப்பேன். 1,700-ஐத் தொடவில்லை என்றால் டியூப். புண் முற்றிய தொண்டையில் ஐந்தாவது வாரம் டியூப் நுழைப்பது இருவருக்குமே அவஸ்தை. நாலு வாரத்துக்குள் முடியும் என்றால் மூக்கு வழி. அதைத் தாண்டும் என்று தெரிந்தால் வயிற்றில் நேராகப் போடும் 'பெக்' பற்றிப் பேசுங்கள். போடும் முன் ரத்தத்தில் தட்டணு, வெள்ளணு எண்ணிக்கை பார்க்காமல் போகாதீர்கள்.

ஆனால் டியூப் போட்டதும் வாயைக் கட்டிவிடுகிறார்கள். அதுதான் பெரிய தவறு. விழுங்குவதும் தசை வேலை. சில வாரம் சும்மா இருந்தாலே நாக்கின் அடிப்பகுதியும் தொண்டைத் தசையும் வலுவிழக்கும். மேலே ரேடியேஷன் தழும்பு இறுகும். பிறகு நோய் போனாலும் டியூப் போகாது. புரையேற்றம் இல்லை என்று உறுதியானால், ஒரு நாளைக்குப் பல தடவை 5 மி.லி. தண்ணீராவது வாய்வழி இறங்கட்டும். எச்சிலைப் பலமாக அழுத்தி விழுங்குவது, குரல்வளை மேலே ஏறிய நிலையில் இரண்டு மூன்று நொடி நிறுத்துவது, இரண்டையும் வலி மருந்து வேலை செய்யும் நேரத்தில் செய்யச் சொல்லுங்கள். நாக்கு நுனியைப் பல்லால் கவ்விக்கொண்டு விழுங்கும் பயிற்சியை எச்சிலோடு மட்டும். உணவோடு செய்தால் புரை ஏறும்.

இருமவில்லை என்றால் புரை ஏறவில்லை என்று நினைக்காதீர்கள். ரேடியேஷனில் தொண்டையின் உணர்ச்சி மங்கும்; மூச்சுக்குழாயில் இறங்கினாலும் சத்தமே இருக்காது. குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, காரணம் தெரியாத லேசான காய்ச்சல், மாலையில் சளி கூடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீடியோ எக்ஸ்ரேயிலோ மூக்கு வழி கேமராவிலோ விழுங்குவதைப் பார்த்தே ஆக வேண்டும்.

டியூப் ஊட்டும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும்; முடிந்தபின்னும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே. ஒவ்வொரு முறையும் உறிஞ்சி எடுத்த திரவத்தின் பி.எச். 5.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் நுனி வயிற்றில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு இது ஏறிக் காட்டும். அப்போது எக்ஸ்ரேதான் நம்பகம். காற்றடித்து ஸ்டெத்தில் சத்தம் கேட்பதை நம்பவே கூடாது. முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். அடைத்தால் 50 மி.லி. சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து மெதுவாகத் தள்ளி இழுங்கள். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், டியூப் கிழியும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது.

தட்டும்_தராசும்

நன்றி. டியூப் போட்டால் முதல் நாளே முழு 2,265 கொடுக்கலாமா? தசையைத் துல்லியமாக அளக்க வேறு வழி உண்டா?

பதில் 3: கலோரிக்கணக்கு

இவர் 1,300 சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அதனால் இரண்டு மூன்று நாளில் முழு அளவுக்குப் போகலாம். பயப்பட வேண்டியது வேறு ஆட்களுக்கு: பி.எம்.ஐ. 16-க்குக் கீழ், அல்லது 15 சதவீதத்துக்கு மேல் இழப்பு, அல்லது 10 நாளுக்கு மேல் ஏறக்குறைய பட்டினி. இந்தப் புற்றுநோயில் மதுப் பழக்கமும் அடிக்கடி சேர்ந்திருக்கும். அவர்களுக்கு எடுத்த எடுப்பில் நிறையக் கொடுத்தால் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் போய்விடும். இதயத் துடிப்பு தடுமாறும். கிலோவுக்கு 10 கலோரியில் தொடங்கி, நாலு முதல் ஏழு நாளில் மெதுவாக ஏற்றுங்கள். உணவுக்கு முன்பே தயாமின் (வைட்டமின் பி1) போக வேண்டும். முதல் வாரம் பாஸ்பேட்டைத் தினமும் பாருங்கள். சிஸ்பிளாட்டினே மக்னீசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 4: சி3_வெட்டு

அளக்கப் புதிதாக ஸ்கேன் வேண்டாம். ரேடியேஷன் திட்டத்துக்கு எடுத்த சி.டி. கையில் இருக்கிறதே. வழக்கமான அளவு இடுப்பு முள்ளெலும்பு எல்3 மட்டத்தில். கழுத்து ஸ்கேனில் அது வராது. அதனால் கழுத்து முள்ளெலும்பு சி3 மட்டத்தில், முதுகெலும்பை ஒட்டிய தசைகளையும் இரு பக்கக் கழுத்துச் சாய்தசையையும் மைனஸ் 29 முதல் பிளஸ் 150 ஹவுன்ஸ்பீல்டு (சி.டி.யில் திசுவின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) வரம்பில் குறித்து, வயது, எடை, பாலினம் சேர்த்த சூத்திரத்தால் எல்3-க்கு மாற்றுவார்கள். நிணநீர்க் கட்டி ஒரு பக்கத் தசையை நெருக்கியிருந்தால் மறுபக்கத்தை இரட்டியுங்கள். சூத்திரத்துக்குள் எடையே இருப்பதால் தொடக்க நிலையைச் சொல்ல மட்டுமே இது உதவும். வாராவாரம் மாற்றத்தைப் பார்க்கக் கைப்பிடியும் நாற்காலியும் போதும்.

இரண்டு எச்சரிக்கை. சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; தசை குறைந்தவரிடம் அது குறைவாகவே உற்பத்தியாகும். சிறுநீரகம் அடிபட்டிருந்தாலும் எண் "நார்மல்" என்று காட்டும். அதை நம்பி அடுத்த சிஸ்பிளாட்டினைப் போடுவார்கள். மருந்தின் அளவும் உடல் பரப்பை வைத்துத்தானே தவிர தசையை வைத்து அல்ல. தசை குறைந்தவர்களிடம் அளவைக் குறைக்க வைக்கும் நச்சு விளைவுகள் கூடுதலாக வருகின்றன. அடுத்தது, ரேடியேஷனில் தலையை அசையாமல் பிடிக்கும் வலை முகமூடி. கன்னமும் கழுத்தும் வற்றினால் அது தொளதொளக்கும். தலை உள்ளே அசைந்தால் கதிர் எச்சில் சுரப்பிப் பக்கம் நகரும். வலைக்கும் தோலுக்கும் இடையே இடைவெளி தெரிகிறதா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் மறுதிட்டம்.

பதில் 5: எழு_உட்கார்

கைப்பிடி 25 என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து, முழங்கை 90 டிகிரி, ஒவ்வொரு கையிலும் மூன்று தடவை, அதிகபட்சம்தான் கணக்கு. ஊசி குத்தியிருக்கும் கையில் அளந்தால் பொய்யாகக் குறையும். ஆனால் நாற்காலிச் சோதனையும் சேர்ந்து இறங்கியிருப்பதால் இவருக்கு அது உண்மையாகவே இருக்கும்.

சத்து மட்டும் ஏற்றிப் படுக்க வைத்தால் கொழுப்புதான் கூடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், எழுந்து உட்காருவதும் ரப்பர் பட்டை இழுப்பதும், 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. முடிந்த கையோடு புரத வேளை. ஆறு, ஏழாவது வாரத்தில் ஒரு சுற்று நடந்தாலே வெற்றி. அப்போது நோக்கம் வளர்ப்பதல்ல, இருப்பதைக் காப்பது. காய்ச்சல் இருந்தால் வேண்டாம். தட்டணு 20,000-க்குக் கீழே போனாலும் வேண்டாம்.

கழுத்து அறுவை நடந்தவர்களில் ஒரு பக்கத் தோள் மட்டும் தொங்கி, கை தோளுக்கு மேல் ஏறாவிட்டால் அது சத்துக் குறைவு அல்ல. தோளைத் தூக்கும் நரம்பு அடிபட்டது. அதைப் புரதத்தால் சரிசெய்ய முடியாது, சீக்கிரம் பிசியோவுக்கு அனுப்புங்கள். சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்து, நன்றாகச் சாப்பிட்டும் சோர்வும் தசை பலவீனமும் தொடர்ந்தால் தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள், கழுத்து ரேடியேஷனுக்குப் பின் தைராய்டு மந்தமாவது சாதாரணம்.

பசி மருந்தாக மெஜஸ்ட்ரால் எழுதுவார்கள். அதில் ஏறும் எடை பெரும்பாலும் கொழுப்பும் நீரும், ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. வாந்திக்குக் கொடுக்கும் டெக்ஸாமெதசோனும் பசியைத் தூண்டும். ஆனால் நீண்டால் தொடைத் தசையைத் தின்னும். பசியைத் தூண்டும் இன்னொரு மருந்தான அனமோரெலின் ஜப்பானில் 2021-இல் அனுமதி பெற்றது நுரையீரல், இரைப்பை, கணையம், பெருங்குடல் புற்றுநோய்களுக்கு. அந்தப் பட்டியலில் தொண்டை இல்லை.