புதுப்பிப்பு: கலங்கிய பிளம் ஒயின் தெளிந்துவிட்டது

நான்கு மாதமாகியும் என் பிளம் ஒயின் தெளியவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஒயினைத் தெளியவைக்கப் போடும் பென்டோனைட் களிமண் பலிக்கவில்லை. பெக்டினால் (பழத்தில் இருக்கும், ஜாமைக் கெட்டியாக்கும் பொருள்) வந்த கலங்கலாக இருக்கும் என்று ஒருவர் சொன்னதுதான் சரி. சோதித்துப் பார்க்க, ஒரு ஸ்பூன் ஒயினில் மூன்று ஸ்பூன் மெத்திலேட்டட் ஸ்பிரிட் (எரிக்கும் சாராயம்) ஊற்றினேன். சளி மாதிரி நூல்நூலாகத் திரண்டது; பெக்டின் இருந்தால் அப்படித்தான் திரளும். (குடித்துவிடாதீர்கள், விஷம்!) பழத்தைக் கொதிக்க வைத்தது என் தப்பு; பெக்டின் அத்தனையும் இறங்கியிருக்கிறது.

அப்புறம் வண்டலை விட்டு வடித்து, பெக்டினை உடைக்கும் பெக்டினேஸ் நொதியைப் பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவைப் போல் இரு மடங்கு சேர்த்தேன். ஆல்கஹாலில் அதன் வேகம் குறையும். குளிர்ந்த ஷெட்டில் பத்து நாள் அசைவே இல்லை. சமையலறைக்குக் கொண்டுவந்த ஐந்தாம் நாள், ஜாடிக்குப் பின்னால் பிடித்த செய்தித்தாளை வாசிக்க முடிந்தது. சூடுதான் இவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று நினைக்கவில்லை.

அடுத்த முறை ஈஸ்ட் போடுவதற்கு முந்தின நாளே நொதி. பென்டோனைட்டோடு சேர்த்துப் போடாதீர்கள், நொதியையும் பிடித்து அடியில் இறக்கிவிடும்.